இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் இல்லை

துக்தாவின் மேசைக்குப் பின்னால் ஒரு நீளமான மரச்சட்டம். அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கழுத்து அட்டை தொங்கும். மாநாட்டுக்குப் போனால் வாசலிலேயே பெயர் அச்சடித்து மாட்டிவிடுவார்களே, அந்த அட்டைதான். டோக்கியோ, சியோல், ஹனோய், பார்சிலோனா என்று எங்கெங்கோ கிடைத்தவை, மொத்தம் முப்பத்தேழு. எங்கள் சிறுநீரியல் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து போய்வந்த இளசுகள் கொண்டுவந்து மாட்டியவை. ஒன்றுகூடத் துக்தாவுடையது இல்லை. அவள் விமானத்தில் ஏறியதே கிடையாது, தாய்லாந்தில் எங்கள் ஊரான கோன் கேனின் விமான நிலையத்துக்குப் போனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டிவிட்டு வருவாள்.

அவள் எங்கள் பிரிவின் அலுவலக எழுத்தர். வயது ஐம்பத்து நான்கு. குள்ளம், வாய் மட்டும் நீளம். நான் அடுத்த அறையில் சிறுநீரை அளப்பவள். என் பெயர் ஓய், கரும்பு என்று அர்த்தம். பெயர் வைத்த அம்மாவுக்கு நான் பேசப் போவது முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாகற்காய் என்று வைத்திருப்பாள் என்பது துக்தாவின் கருத்து. பத்தொன்பது வருஷமாக மதியச் சோற்றை ஒன்றாகத்தான் தின்கிறோம். அதனால் அவள் சொல்வதை நான் பொறுத்துக்கொள்வேன், நான் சொல்வதை அவள் பொறுத்துக்கொள்ளமாட்டாள்.

எந்த மாநாட்டில் இளம் ஆய்வாளர்களுக்குப் பயண உதவி தருகிறார்கள் என்று தேடுவது அவள்தான். விண்ணப்பம் நிரப்புவாள், தலைவரிடம் கையெழுத்துக்கு அலைவாள், விசாவுக்குப் படம் எடுக்கக் கூட்டிப்போவாள். கிளம்புவதற்கு முந்தின வாரம் தன் எதிரிலும் துப்புரவு வேலை செய்யும் அம்மாவின் எதிரிலும் நிற்கவைத்து உரையைச் சொல்லச் சொல்வாள். "எங்க ரெண்டு பேருக்கும் புரியலைன்னா அங்க உக்காந்திருக்கிறவனுக்கும் புரியாது. இன்னொரு தடவை சொல்லு" என்பாள். இத்தனைக்கும் அவள் கேட்கும் கூலி ஒன்றுதான். "சாக்லேட் வேணாம், சட்டை வேணாம். அந்த அட்டை என் ஆணிக்கு வந்தாகணும்."

அட்டை வந்ததும் கறுப்புப் பேனாவை எடுத்து, அச்சடித்த பெயருக்குக் கீழே கூப்பிடும் பெயரை எழுதுவாள். கோழி. எலி. பியர். கோல்ஃப். பன்றிக்குட்டி. இன்று பாங்காக்கில் பெரிய அறுவை மருத்துவராக இருக்கிறவர்தான் அந்தப் பன்றிக்குட்டி. எங்கள் பிரிவின் இன்றைய தலைவர் டாக்டர் ஏக்கின் அட்டையும் மூன்றாவது ஆணியில் இருக்கிறது. சான்றிதழில் இருக்கிற நீளப் பெயரை எங்கள் ஊரில் யார் பயன்படுத்துகிறார்கள்? வங்கிக்காரனும் போலீஸ்காரனும்தான். எல்லோருடைய நீளப் பெயரும் தெரிந்த ஒரே ஆள் துக்தா, அதில் அவளுக்குத் தலைகொள்ளாத கர்வம். அவளுடைய சொந்தப் பணியாளர் அட்டை மட்டும் அவள் கழுத்தில் எப்போதும் கவிழ்ந்தே தொங்கும். அதிலிருக்கும் படத்தில் அவள் பூசணிக்காய் மாதிரி இருக்கிறாளாம்.

கோப் என்றொரு பெண். கோப் என்றால் தவளை. அவள் கல் ஆராய்ச்சிக்காரி, சிறுநீரகக் கல். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் கல்லோடு இருப்பார். அதிலும் கரும்பு வெட்டப் போகிறவர்களுக்கு எடுத்த கல் திரும்பத் திரும்ப வருகிறது. ஏன் வருகிறது என்று பார்க்க மூன்று கிராமத்தில் ஒரு நாள் முழுக்க இருக்கும் சிறுநீரைக் கேனில் பிடித்துத் தரச் சொல்லி வாங்கிவந்தாள். "உனக்குக் கேன் தூக்கிட்டுக் கரும்புக் காட்டுல நிக்கிறேன், என் பொண்டாட்டி சிரிக்கிறா" என்று திட்டிக்கொண்டே கொடுத்தார்கள். முந்நூறு புட்டி சேர்ந்தது. போன வருஷம் சோங்கிரான் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரம் போய் உறைபெட்டி நின்றுவிட்டது. ஐந்து நாள் கழித்து நாங்கள் கதவைத் திறந்தபோது வந்த நாற்றத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது. இரண்டு வருஷ உழைப்பு கொட்டிப்போனது.

அந்தப் பெண் அழவில்லை. அடுத்த வெட்டுப் பருவத்தில் அதே வீடுகளுக்குத் திரும்பப் போய்க் கும்பிட்டுவிட்டு, "மறுபடி வேணும்" என்றாள். திட்டியவர்களே கொடுத்தார்கள். புட்டிகளை அளந்தவள் நான், அதனால் சொல்கிறேன். அவள் கண்டுபிடித்தது நல்ல விஷயம். வெயிலில் எந்த நேரத்தில் தண்ணீர் குடிக்காமல் விட்டால் கல் விழ ஆரம்பிக்கிறது என்று மணி வாரியாகக் காட்டியிருந்தாள். ஆனால் மாநாட்டு அதிர்ஷ்டம் மட்டும் அவளுக்கு இல்லை. துக்தா மூன்று முறை விண்ணப்பம் அனுப்பி மூன்றும் திரும்பிவிட்டன. முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருஷத்துக்குள் இருந்தால்தான் இளம் ஆய்வாளர் என்ற கணக்கு. இது அவளுக்கு ஐந்தாவது வருஷம். இதை விட்டால் இனி எந்த உதவிக்கும் அவள் இளசு இல்லை.

மே மாதம் ஒரு காலை நான் துக்தாவிடம் மிளகாய் இரவல் வாங்கப் போனேன். அவள் கணினியில் எதையோ படித்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆகஸ்ட்ல மணிலாவுல நடக்கிற மாநாடுடி. தனிதா கம்போங்ங்கிற ஆளைத் தேர்ந்தெடுத்திருக்காங்களாம். நம்ம பிரிவுல வேலை பாக்குறாங்கன்னு உறுதி பண்ணி எழுதணுமாம்."

"தனிதாவா? யார் அது?"

"யாருக்குத் தெரியும்? வேற காலேஜுக்குப் போக வேண்டியது தப்பா இங்க வந்திருக்கு. எவளோ பாவம் காத்துக்கிட்டிருப்பா. உடனே எழுதிட்டா சரியான இடத்துக்குப் போயிடும்."

எழுதினாள். இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் இல்லை. பத்து நிமிஷத்தில் பதில் போட்டுவிட்டேன் என்று பெருமை வேறு. நானும் நல்லது என்று சொல்லிவிட்டு மிளகாயோடு வந்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து நாங்கள் இருவரும் பப்பாளிக்காய் சாலட்டும் மூங்கில் கூடையில் ஒட்டுச்சோறுமாக உட்கார்ந்திருந்தபோது கோப் வந்து கதவோரம் நின்றாள். உள்ளே வராமல் செருப்பின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மணிலாலேருந்து ஏதாவது மெயில் வந்துச்சா?"

"மணிலாவா? நாம மணிலாவுக்கு விண்ணப்பமே போடலையேடி தவளை."

"நான் போட்டேன் அக்கா. தனியா. மூணு தடவை உங்களை அலையவிட்டேன், நாலாவது தடவையும் திரும்பி வந்தா உங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு... சொல்லாமப் போட்டேன்."

துக்தாவின் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. "உன் பேர்ல ஒண்ணும் வரலையே. விலாவன்னு எதுவும் வரலை."

"விலாவன் இல்லக்கா." கோப்பின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "உறைபெட்டி நின்னதிலேருந்து அம்மாவுக்குப் பயம். ஜனவரியில கோயில்ல சாமியார்கிட்டப் போனாங்க. நான் வெள்ளிக்கிழமை பொறந்தவளாம், என் பேர்ல இருக்கிற எழுத்து ஒவ்வொண்ணும் வெள்ளிக்கிழமைக்கு ஆகாத எழுத்தாம். குடும்பப் பேரும் சரியில்லைன்னாரு. எல்லாத்தையும் மாத்திட்டோம். பாஸ்போர்ட்டும் புதுசு."

"புதுப் பேர் என்ன?" என்று கேட்டது நான். துக்தா கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தனிதா. தனிதா கம்போங்."

"செத்தேன்!" என்றாள் துக்தா.

நான் பதினெட்டு தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். இது யார் தப்பு? பெயர் மாற்றுகிறவர்களைக் கண்டால் துக்தாவுக்கு ஆகாது. போன வருஷம் மட்டும் நாலு பேர் மாற்றிக்கொண்டு வந்தார்கள். "இனி எவளாவது பேரை மாத்திட்டு வந்தா அவ ஃபைலை அவளே தலையில சுமக்கட்டும்" என்று நடுக்கூடத்தில் நின்று கத்தியவள் இவள். அந்த வாய்க்குப் பயந்துதான் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. தலைமை அலுவலகத்தில் அவள் கொடுத்த பெயர் மாற்றத் தாளோ இன்னும் எந்த மேசையில் தூங்குகிறதோ. நாங்கள் எல்லோரும் எட்டு வருஷமாகக் கோப், கோப் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாறியது யாருக்குத் தெரியும்?

மணிலாவிலிருந்து அடுத்த மெயில் ஏற்கெனவே வந்து கிடந்தது, பார்த்தோம். உறுதி கிடைக்காததால் அந்த இடம் காத்திருப்போர் வரிசையில் முதலில் இருந்த லாவோஸ் நாட்டு வியந்தியான்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. கோப் அதைப் படித்துவிட்டு, "பரவால்லக்கா" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு நடந்து போய்விட்டாள். முந்நூறு புட்டி கொட்டிப்போனபோது அழாதவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் எங்களுக்குக் கேட்டது.

துக்தா சோற்றுக் கூடையை மூடினாள். ஃபோனை எடுத்தாள்.

அவளுடைய ஆங்கிலம் முழுக்க முழுக்கக் கடிதத்திலிருந்து கற்றது. பேசினாலும் கடிதம் மாதிரிதான் வரும். அந்தப் பக்கம் யாரோ பெண் எடுத்ததும் துக்தா எழுந்து நின்றுகொண்டாள். "பெருமதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, பொருள், பெயர் குறித்த பிழை. தங்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்..." நான் வாயில் துணியை வைத்துக்கொண்டேன். சிரிக்கிற நேரமா அது? ஆனாலும் வந்தது.

விஷயம் புரிந்ததும் அந்தப் பக்கத்தில் ஒரு பெருஞ்சிரிப்பு. துக்தா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, எங்க ஊரும் இதே கதைதான்! என் பேர் மரியா கான்சொலாசியோன். ஆஃபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. நான் திங்-திங். என் முதலாளி டாக்டர், அவர் பேர் பாய், பையன்னு அர்த்தம். அறுபத்தஞ்சு வயசு, இன்னும் பாய்தான். நீங்க சொல்றது எனக்கு நல்லாப் புரியுது."

"அப்போ இடத்தைத் திருப்பித் தருவீங்களா?" என்று நான் நடுவில் கத்தினேன்.

"குழுவுல பேசினா முடியலாம். அந்த லாவோஸ்காரர்கிட்ட நேத்துத்தான் சொல்லியிருக்கோம். அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு..."

"வேண்டாம்" என்றாள் துக்தா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் என்னைப் பார்த்து எங்கள் பேச்சில் சொன்னாள்: "அந்தப் பையன் இந்நேரம் அவங்க அம்மாகிட்ட சொல்லியிருப்பான்டி. அவ தெரு முழுக்கச் சொல்லியிருப்பா. தப்புப் பண்ணினது நான், பிடுங்குறது அவன்கிட்டயா?"

"கொடுக்கிறதை வாங்கிக்கோயேன்டி! அவன் அடுத்த வருஷம் போகட்டும். இவளுக்கு அடுத்த வருஷம் கிடையாது!"

"வாயை மூடு, கரும்பு."

மூடினேன். எரிச்சலாக இருந்தது, மறைப்பானேன். திங்-திங் வேறு வழி தேடினாள். பிறகு, விமான டிக்கெட் ஐந்து பேருக்குத்தான், அதில் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் உரையையும், கட்டணம் இல்லாத அனுமதியையும், தங்க ஓர் அறையையும் குழுவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றாள். அதற்கு நாளை நண்பகலுக்குள் ஒரு கடிதம் வேண்டும். "தலைவர் கையெழுத்து வேணாம்மா. தலைவர்கள் கடிதமெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எங்க ஆளுங்க படிக்கவே மாட்டாங்க. தப்பா பதில் போட்டவங்க யாரோ அவங்களே எழுதட்டும்."

துக்தா அந்தப் பிற்பகல் முழுக்க எழுதினாள். எட்டிப் பார்க்கப் போன என்னைக் கோப்புக்கட்டால் அடிப்பதுபோல ஓங்கினாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் தட்டச்சு செய்த கடிதங்கள் எத்தனை ஆயிரமோ, எல்லாவற்றின் அடியிலும் வேறு யாராவது கையெழுத்திடுவார்கள். அன்று தன் பேனாவை எடுத்துத் தானே கையெழுத்துப் போட்டு, நகலெடுத்து அனுப்பினாள். என்ன எழுதினாய் என்று கேட்டதற்கு, "உண்மையைத்தான். உனக்குப் பழக்கமில்லாத விஷயம்" என்றாள்.

மறுநாள் மாலை பதில் வந்தது. உரை உண்டு, அனுமதி உண்டு, அறை உண்டு. டிக்கெட்தான் இல்லை.

கோப் வந்து இதைக் கேட்டுவிட்டு, இரவல் வாங்கியாவது போகிறேன் என்றாள். துக்தா அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் சுவர் பக்கம் திரும்பினாள். முதல் ஆணியிலிருந்து ஆரம்பித்தாள்.

"டேய் கோழி, துக்தா பேசுறேன். அறுவை அறையிலயா இருக்கே? அப்போ ஒரு நிமிஷம் கேளு... எலி, உன் குழந்தை எப்படியிருக்கு? சரி, அப்புறம் விசாரிக்கிறேன்... அடே பன்றிக்குட்டி, பெரிய டாக்டராயிட்டா ஃபோனை எடுக்கமாட்டியா? சியோலுக்குப் போகும்போது காலுறை இல்லாம என் பையனோடதைப் போட்டுட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா?"

பத்து அட்டையைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள், "அக்கா, போதும், மத்ததை நாங்க பாத்துக்கிறோம், நீங்க ஃபோனை வைங்க" என்று பாங்காக்கிலிருந்து பன்றிக்குட்டியே திருப்பிக் கூப்பிட்டுவிட்டார். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டார்கள். யார் எவ்வளவு என்று இன்றுவரை துக்தாவுக்குச் சொல்லவில்லை. டிக்கெட்டோடு வந்த வரி மட்டும் இது: தவளைக்கு, முப்பத்தேழு ஆணிகளிடமிருந்து. அதில் தனிதா என்று எழுத்துப் பிழையில்லாமல் அச்சாகியிருக்கிறதா என்று துக்தா மூன்று முறையும், அவளை நம்பாமல் நான் ஒரு முறையும் பார்த்தோம்.

ஆகஸ்டில் உரை நடந்த காலை, எங்கள் கருத்தரங்கு அறைத் திரையில் மணிலாவை நேரடியாகப் போட்டார்கள். எல்லோரும் கூடிவிட்டோம். டாக்டர் ஏக் முன்வரிசையில் இருந்தார். நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். துக்தா கடைசி வரிசையில் கதவோரம் இருந்தாள், ஃபோன் அடித்தால் ஓடவேண்டுமாம். கோப் மேடைக்கு வந்தாள். அவள் அம்மா நெய்த மட்மி பட்டுப் பாவாடை, கழுத்தில் அட்டை. பதினைந்து நிமிஷம் கரும்பு வெட்டும் மனிதர்களைப் பற்றி அப்படிப் பேசினாள். துப்புரவு அம்மா என் தோளைத் தட்டி, "இந்த இடம் எனக்கு மனப்பாடம்" என்றாள். ஒரு ஜப்பானியப் பேராசிரியர் எழுந்து கேள்வி கேட்டார், கோப் திணறாமல் பதில் சொன்னாள். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. அந்தப் புட்டிகளை அளந்தவள் நான், எனக்கும் பங்கு உண்டு.

கடைசிப் படம் நன்றி சொல்வதற்கு. முதல் வரியில் மூன்று கிராமங்களின் பெயர். இரண்டாவது வரியில் முப்பத்தேழு ஆணிகள் என்று போட்டிருந்தாள், மணிலாக்காரர்களுக்கு என்ன புரிந்ததோ. மூன்றாவது வரியில் தனியாக, பெரிய எழுத்தில் ஒரு பெயர். லம்துவன் கெவ்தா.

"யார் இது?" என்றார் டாக்டர் ஏக், திரும்பி. "பாங்காக்கா?"

"மணிலாக் குழுவுல யாராவது பெரிய ஆளா இருக்கும்" என்றான் ஒருவன்.

"அது தாய்லாந்துப் பேருடா, மடையா" என்றேன் நான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக, எனக்கே உரிய அதிகாரத்தோடு சொன்னேன்: "லம்துவனா? இந்தப் பேர்ல நம்மகிட்ட யாரும் இல்லையே!"

திரையில் கோப் பேசிக்கொண்டிருந்தாள். "இவங்க எழுதின கடிதத்தை இங்க வந்தபிறகுதான் திங்-திங் எனக்குக் காட்டினாங்க. அதுல எழுதியிருந்தது இதுதான்: 'இந்தப் பெண்ணை நான் எட்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். அவளுடைய பெயரைத் தெரிந்துவைத்திருக்காதது நான். அவளுடைய வேலை எந்தப் பெயரிலும் உண்மையானது.' எட்டு வருஷம் இவங்க நிரப்பின படிவத்துல எல்லாம் என் பேர் இருந்துச்சு. இவங்க பேர் என்னன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை."

நான் மெதுவாகப் பின்னால் திரும்பினேன். கடைசி வரிசையில், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக் கை தூக்குகிற பிள்ளை மாதிரி, துக்தா கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றாள்.

பத்தொன்பது வருஷம். அவளோடு ஒரே கூடையில் சோறு தின்றவள் நான். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கழுத்தில் கவிழ்ந்து கிடந்த பணியாளர் அட்டையைத் திருப்பி, முதன்முறையாகப் படித்தேன். படத்தில் அவள் பூசணிக்காய் மாதிரியெல்லாம் இல்லை. எனக்குக் கண் நிறைந்து எழுத்து கலங்கியது, வெட்கமில்லாமல் அழுதேன்.

"மூக்கைச் சிந்தாதேடி, கரும்பு" என்றாள் லம்துவன். "கொஞ்சம் நகரு. தவளையோட அட்டையில என்ன பேர் போட்டிருக்குன்னு பாக்கணும்."